பாதிக்குப் பாதி: யார் போட்ட கணக்கு?

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். தூத்துக்குடி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். கையில் அன்றைய பேப்பர். உற்பத்தித்திறன் உயராமல் சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் தொழில் தாங்காது என்று யாரோ ஒரு பெரிய மனிதர் பேசியிருந்தார். மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் இதைப் பேசிவிடுகிறார். படித்து முடித்துப் பேப்பரை மடித்தவர் என்னிடம் கேட்டார்:

"உற்பத்தித்திறன்னா என்ன அண்ணாச்சி?"

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை முடிக்கிறார்ங்கிற கணக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி சம்பளம் ஏறணும்னு சொல்றாங்க."

"எங்களுக்கு எப்பவும் அப்படித்தான? எங்க அளத்துல வாருன உப்புக்குத்தான் கூலி. மழை பெஞ்சா உப்பும் கிடையாது, கூலியும் கிடையாதுல்லா. இதை என்னமோ புதுசா சொல்லுதாங்க?"

எனக்கு டீ புரையேறாத குறைதான். நான் பி.காம். படித்தவன். இருபது வருடமாகப் பத்திரிகையில் பட்ஜெட், போனஸ், பேச்சுவார்த்தை என்று எழுதிக்கொண்டிருப்பவன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

யோசித்துப் பாருங்கள். செய்த வேலைக்கு மட்டும் துல்லியமாக அளந்து கூலி வாங்குகிறவர்கள் இந்த நாட்டில் யார்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றுகிற பெண்கள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுக்கிறவர்கள். உற்பத்தித்திறனும் கூலியும் நூலிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது இவர்களிடம்தான். பொருளாதார நிபுணர்கள் சொல்கிற சொர்க்கம் இதுதான் என்றால், அதில் குடியிருக்கிறவர்கள்தான் நாட்டிலேயே மிகக் குறைவாகச் சம்பாதிக்கிறவர்களும்கூட.

இந்தக் கடற்கரைக்கு இது பழைய கதை. முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் குளிப்பவருக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். வெள்ளைக்கார அரசாங்கம் இருந்தபோது எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியது ஒருவன், மூச்சைப் பிடித்தது ஒருவன், சுறாவுக்குப் பயந்தது ஒருவன். எத்தனை சிப்பி எடுத்தான் என்பது அவன் திறமை. அதில் எத்தனை அவனுக்கு என்பதை வேறு எங்கோ தீர்மானித்தார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. பங்கு பிரிக்கிற முறை நின்றதாகத் தெரியவில்லை.

பி.காம்-மில் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. படித்தவர்களுக்கு ஹால்ஸி, ரோவன் என்ற இரண்டு பெயர்கள் ஞாபகம் இருக்கும். உற்பத்தித்திறனுக்கு ஏற்றபடி கூலி கொடுக்க இவர்கள் இரண்டு பேரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுக்கொரு ஃபார்முலா கண்டுபிடித்தார்கள். ஹால்ஸி கணக்கு சுலபம். பத்து மணி நேரம் ஆகும் என்று நிர்ணயித்த வேலையை நீங்கள் ஆறு மணி நேரத்தில் முடித்தால், மிச்சம் நான்கு மணி நேரம். அதில் பாதி உங்களுக்கு. ஆக மொத்தம் எட்டு மணி நேரக் கூலி. மீதிப் பாதி முதலாளிக்கு. ஏன் பாதி? ஏன் முக்கால் இல்லை? எங்கள் வாத்தியார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரீட்சையில் பதினைந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான் எங்கள் அக்கறை. அந்த நான்கு மணி நேரத்துக்கு உண்டான வாடகை, மேஸ்திரி சம்பளம், மற்ற மேல்செலவு எல்லாம் மிச்சமாகுமே, அது முழுசாக யாருக்குப் போகிறது என்பதும் கேள்வித்தாளில் வந்ததே இல்லை.

ரோவன் இன்னும் கெட்டிக்காரர். அவருடைய ஃபார்முலாப்படி, பத்து மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்தில் முடித்தால் இரண்டரை மணி நேரக் கூலி போனஸ். இரண்டே மணி நேரத்தில் முடித்தால்? ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே: 1.6. ஆமாம், அச்சுப் பிழை இல்லை. ஓர் அளவுக்கு மேல் நீங்கள் வேகமாகச் செய்தால் போனஸ் குறையும். தப்பாக வேலைநேரம் நிர்ணயித்துவிட்டால் முதலாளி மாட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காக இந்த ஏற்பாடு என்று புத்தகமே வெளிப்படையாகச் சொல்லும்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், உற்பத்தித்திறனோடு சம்பளத்தை இணைப்பது என்பது ஏதோ தராசு மாதிரி நடுநிலையான விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. தராசைப் பிடித்திருக்கும் கை ஒன்று இருக்கிறது.

ஓட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் பார்த்த வ.உ.சி., 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கப்பல் கம்பெனி கதை எல்லோருக்கும் தெரியும். கோரல் மில் கதை பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஹார்வி கம்பெனி நிர்வாகத்தில் இருந்த நூற்பாலை. விடிந்ததில் இருந்து இருட்டும் வரை வேலை. வார விடுமுறை கிடையாது. சின்னப் பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள். 1908 பிப்ரவரி 27-ம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். கேட்டது மூன்று விஷயம்: கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற லீவு வசதிகள். ஊரே பின்னால் நின்றது. வேலைநிறுத்தத்தைக் குறை சொன்ன ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒன்பது நாள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி ஏறியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-ல், வ.உ.சி. கைதானார். பிறகு நடந்தது இரட்டை ஆயுள் தண்டனை, செக்கு, சிறை.

என்னுடைய காமர்ஸ் மூளை கேட்கிற கேள்வி இது. அந்த ஒன்பது நாளில் மில்லின் உற்பத்தித்திறன் எவ்வளவு உயர்ந்தது? பூஜ்யம். மில்லே ஓடவில்லை. கதிர் வேகமாகச் சுற்றவில்லை, நூல் நீளமாகவில்லை, புது மெஷின் வரவில்லை. ஆனால் கூலி ஏறியது. அப்படியானால் பிப்ரவரி 26-ம் தேதி கொடுத்துக்கொண்டிருந்த கூலி எந்த உற்பத்தித்திறனை வைத்துப் போட்டது? கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதானே. 'இனிமேல் உற்பத்தி உயர்கிற அளவுக்குத்தான் சம்பளம் உயரும்' என்று ஒரு கொள்கை வகுப்பவர், முதலில் இன்றைய சம்பளம் நியாயமான இடத்தில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டாமா? கோரல் மில்லில் பிப்ரவரி 26-ம் தேதி இந்தக் கொள்கையைக் கொண்டுவந்திருந்தால், அந்த அநியாயக் கூலியே அடிமட்டமாக உறைந்து போயிருக்கும்.

இதெல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரம், இப்போது அப்படியா நடக்கிறது என்று கேட்பீர்கள். ஓட்டப்பிடாரத்தில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வ.உ.சி. துறைமுகம். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் அவர் பெயர் வைக்கப்பட்ட துறைமுகம். அதற்கு முன்னால் இங்கே கப்பல் கரைக்கு வராது. தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். இன்று ராட்சதக் கிரேன் கன்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி வைக்கிறது. வருடத்துக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் கையாளுகிறார்கள். உற்பத்தித்திறன் உயர்ந்திருக்கிறதா என்று கேட்டால், குழந்தைகூடச் சொல்லும்.

பெரிய துறைமுகங்களின் ஊழியர்களுக்கு 'உற்பத்தித்திறனோடு இணைந்த வெகுமதி' என்று ஒரு திட்டம் இருக்கிறது. நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி, 2020-21 முதல் 2025-26 வரைக்கும் ஒப்புதல் கொடுத்தது. பலன் பெறுகிறவர்கள் 20,704 பேர், செலவு சுமார் 200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பழைய முறையில் பாதி மதிப்பெண் உங்கள் துறைமுகத்தின் செயல்பாட்டுக்கு, பாதி அகில இந்தியத் துறைமுகங்களின் செயல்பாட்டுக்கு. அதாவது தூத்துக்குடிக்காரர் எவ்வளவு உழைத்தாலும், வெகுமதியில் பாதி ஹால்தியாவிலும் மும்பையிலும் தீர்மானமாகும். இதைத்தான் மாற்றினார்கள். சொந்தத் துறைமுகத்துக்கு 55, பிறகு 60 சதவிகிதம். நல்ல திருத்தம், குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு வரி இருந்தது. வெகுமதியைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 7,000 ரூபாய்.

துறைமுகத்தில் ஒருவர் மாதம் 50,000 வாங்கினாலும் சரி, 60,000 வாங்கினாலும் சரி, இந்தக் கணக்கில் அவர் 7,000 ரூபாய்க்காரர். வருடத்துக்கு 84,000. ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 840 ரூபாய். போனஸ் சட்டத்தில் இருந்து வந்த உச்சவரம்பு இது. 2015-ல் செய்த திருத்தத்தில் 3,500-ஐ 7,000 ஆக்கினார்கள். 2024-ல் துறைமுகத் திட்டத்தைத் திருத்தும்போதும் அந்த 7,000 அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அரிசி விலை நகர்ந்திருக்கிறது, டீசல் விலை நகர்ந்திருக்கிறது, துறைமுகக் கட்டணங்கள் நகர்ந்திருக்கின்றன.

ரோவனை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வேகமாக ஓடு, ஆனால் இந்தக் கோட்டுக்கு மேல் கிடையாது.

அதுவும் துறைமுகத்தின் நேரடி ஊழியர்களுக்குத்தான். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறவர், லாரி ஓட்டுகிறவர், சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர் எல்லாம் இந்தக் கணக்கிலேயே இல்லை. கப்பல் சீக்கிரம் திரும்பிப் போனதில் அவர்கள் பங்கு இல்லையா என்ன?

சரி, நேரடி ஊழியர்களுக்காவது சம்பளம் எப்படி உயர்ந்தது? 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வரவேண்டிய ஊதிய ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. 2024 ஆகஸ்ட் 28 முதல் நாடு முழுக்கக் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று சங்கங்கள் நோட்டீஸ் கொடுத்தன. ஆகஸ்ட் 27-ம் தேதி உடன்பாடு வந்துவிட்டது! 8.5 சதவிகித உயர்வு. இரண்டரை வருடமாக உற்பத்திக் குறியீடு செய்யாததை ஒரு நோட்டீஸ் செய்தது. 1908-ல் ஒன்பது நாள் ஆனது. இப்போது ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. அந்த வகையில் நாம் முன்னேறியிருக்கிறோம்.

சம்பளத்தை நிர்ணயிப்பது உற்பத்தித்திறன் மட்டும் என்று எவராவது சொன்னால் நான் நம்பாததற்கு இதுதான் காரணம். உற்பத்தித்திறன் எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லும். எவ்வளவு கொடுப்பார்கள் என்பதைச் சொல்லாது.

நாடு முழுக்கப் பார்த்தாலும் கதை இதேதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட இந்திய ஊதிய அறிக்கை, இங்கே உழைப்பின் உற்பத்தித்திறன் உயர்ந்த வேகத்துக்குச் சம்பளம் உயரவில்லை என்றது. நாட்டு வருமானத்தில் உழைப்பவர்களின் பங்கு 1981-ல் 38.5 சதவிகிதமாக இருந்து 2013-ல் 35.4 ஆக இறங்கியிருக்கிறது. இதைச் சொல்பவர்கள் செங்கொடிக்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாம் என்றால், மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே, 2023-24-ல் கம்பெனிகளின் லாபம் 22.3 சதவிகிதம் உயர்ந்தது, வேலைவாய்ப்பு 1.5 சதவிகிதம்தான் உயர்ந்தது என்று கவலைப்பட்டது. லாபம் பதினைந்து வருடத்தில் இல்லாத உயரம். ஆட்கள் செலவின் வளர்ச்சி மட்டும் முந்தைய வருடத்தைவிடக் குறைவு.

இந்தச் சூழ்நிலையில்தான் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இந்தியாவின் உற்பத்தித்திறன் உலகத்திலேயே மிகக் குறைவான வரிசையில் இருக்கிறது, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது காமர்ஸ் முதல் வருடத்துப் பையனே திருத்துகிற தப்பு. உற்பத்தித்திறன் என்பது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்கிற வகுத்தல் கணக்கு. மணி நேரத்தைக் கூட்டினால் வகுக்கிற எண்தான் பெரிதாகும். நம் தமிழ்நாட்டிலும் அதே வருடம் ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வெடித்தது. சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். கோரல் மில்காரர்கள் குறைத்து வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கேட்கிறார்களோ என்று அப்போது எனக்குத் தோன்றியது.

எதிர்த் தரப்பு வாதத்தைக் கேட்காமல் எழுதினால் அது கட்டுரை ஆகாது, மேடைப் பேச்சாகிவிடும். விளையாததைப் பங்கு போட முடியாது என்பது உண்மை. சின்னப் பட்டறை வைத்திருக்கிற முதலாளி பல பேர், வட்டிக்கு வாங்கித்தான் சனிக்கிழமை சம்பளம் போடுகிறார்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில் கூலியை உயர்த்து என்றால் அவர் ஷட்டரை இறக்கிவிடுவார். அப்போது தொழிலாளியும் தெருவில். இது நம் முன்னோர்களுக்கும் தெரியும். சுதந்திரம் வந்த கையோடு போட்ட நியாய ஊதியக் குழு அழகாகச் சொன்னது: கீழே ஒரு கோடு, குறைந்தபட்சக் கூலி. மேலே ஒரு கோடு, தொழிலின் கொடுக்கும் சக்தி. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு உற்பத்தித்திறனையும் மற்ற சில விஷயங்களையும் பாருங்கள் என்றது. உற்பத்தித்திறன் நடுவில் பேச வேண்டிய விஷயம். கீழ்க்கோட்டைப் போடுவதற்கு அது வராது.

அந்தக் கீழ்க்கோடு எப்படி இருக்கிறது தெரியுமா? தேசியக் குறைந்தபட்சக் கூலி அளவு 2017-ல் நாளைக்கு 176 ரூபாய். 2019-ல் அனூப் சத்பதி தலைமையிலான அரசு நிபுணர் குழு, சாப்பாடு, துணி, வாடகை எல்லாம் கூட்டி 375 ரூபாய் வேண்டும் என்றது. அந்த வருடம் அரசு உயர்த்தியது 178-க்கு. இரண்டு ரூபாய்! எந்த உற்பத்தித்திறனை வைத்து இந்த இரண்டு ரூபாய் வந்தது என்று சொன்னால் ஹால்ஸியே வந்து கற்றுக்கொள்வார்.

நம் ஊர் ஆட்கள் ஏராளமாக வேலை பார்க்கிற சிங்கப்பூரை உதாரணம் காட்டுவார்கள். சரி, காட்டட்டும். 1972-லேயே தேசிய ஊதிய மன்றம் அமைத்தார்கள். அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்று தரப்பும் ஒரே மேஜையில். சம்பள உயர்வு உற்பத்தித்திறன் உயர்வுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரவேண்டும் என்பது அங்கே ரொம்ப நாளாக வேதவாக்கு. ஆனால் அந்தச் சிங்கப்பூரே 2012-ல், ஆயிரம் வெள்ளிக்குள் வாங்குகிறவர்களுக்குக் குறைந்தது 50 வெள்ளியாவது உயர்த்துங்கள் என்று மன்றத்தின் வாயால் பரிந்துரைக்க வேண்டி வந்தது. ஃபார்முலாவை மட்டும் நம்பி விட்டதில் கீழ்த்தட்டு ஆள் அப்படியே நின்றுவிட்டான். நாம் அந்த மேஜையை விட்டுவிட்டு ஃபார்முலாவை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

மேஜையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைக்கட்டும். விற்பனை இவ்வளவு, லாபம் இவ்வளவு, டிவிடெண்ட் இவ்வளவு, மேனேஜிங் டைரக்டர் சம்பளம் இவ்வளவு, அது போன வருடத்தைவிட எத்தனை சதவிகிதம் உயர்ந்தது, அவருடைய உற்பத்தித்திறன் எத்தனை சதவிகிதம் உயர்ந்தது என்று. அதைப் பார்த்துவிட்டுத் தொழிலாளி உற்பத்தித்திறனைப் பற்றிப் பேசத் தயார் என்றுதான் சொல்வான். சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்திருக்கிறார்கள். ஓட்டப்பிடாரத்துப் பிள்ளைகளும் அங்கே போவார்கள். மெஷின் பாதி வேலை செய்கிற இடத்தில் ஒரு ஆளின் உற்பத்தித்திறன் உப்பளத்தை விடப் பல மடங்கு இருக்கும். அதில் எவ்வளவு பையனுடையது, எவ்வளவு மெஷினுடையது என்று பிரிக்கும்போது, மெஷின் சார்பில் பேச ஆள் இருப்பார்கள். பையன் சார்பில் யார் உட்காருவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

டீக்கடைக்குத் திரும்புவோம். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"கவர்மெண்ட்டு இப்ப ஐயாயிரம் குடுக்கு, மழைக்கால நிவாரணம். ரெண்டு மூணு வருசமா வருது. அதுக்கு முந்தி வட்டிக்கு வாங்குறதுதான்."

உண்மைதான். 2022-ல் தொடங்கிய திட்டம். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். மழை பெய்கிற மாதங்களில் உப்பளத்தின் உற்பத்தித்திறன் பூஜ்யம். எந்த ஃபார்முலாவில் போட்டாலும் அந்த ஐயாயிரத்துக்குக் கணக்கு வராது.

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பேப்பர்ல எழுதுறதுக்கு உங்களுக்கு வரிக்குக் கூலியா, மாசச் சம்பளமா?"

மாதச் சம்பளம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.